சிவப்பு நூல் கட்டிய கோழிக்கு வெந்நீர்

திருவொற்றியூர்
ஞாயிறு, பூசை முடிந்து

மரியாதைக்குரிய சிலுவையம்மாள் அத்தைக்கு,

அண்ணன் மகன் ஜோபின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். மாமா சுகம். கடை சுகம். கடல் அதன் இடத்தில் இருக்கிறது. தூத்துக்குடியில் நீங்களும் உங்கள் மகள் ஜெஸ்லின் மதினியும் பேரனும் சுகமாக இருக்க அந்தோணியாரை வேண்டுகிறேன். கோழியின் சுகம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம். சொன்னால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆகவே கடிதம்.

மதினியின் பேறுகாலம் நல்லபடியாக முடிந்தால் அந்தோணியார் திருவிழா அசன விருந்துக்கு ஒரு சேவல் என்று நேர்ந்துகொண்டு, சந்தையில் இரண்டு குஞ்சுகள் வாங்கி, சேவல் என்று நீங்களே பார்த்துத் தேர்ந்த மஞ்சள் குஞ்சின் காலில் சிவப்பு நூல் கட்டி, கறுப்புக் குஞ்சை அதற்குத் துணையாக விட்டு, பிஸ்கட் அட்டைப் பெட்டியோடு என் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். "ஏலே, நேர்ந்த உசுரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஜெஸ்லினுக்கு ஆகாது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள். அன்று முதல் மதினியின் பிரசவம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

குளிரக் கூடாது என்றிருந்தீர்கள். கடையிலிருந்து பெரிய குண்டு பல்பை எடுத்துவந்து பெட்டிக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிட்டேன். அட்டைக்குள் ஒரு சின்னச் சாயங்காலம். இரண்டு குஞ்சுகளும் வாயைத் திறந்தபடி நின்றன. தியானம் என்று நினைத்தேன். சூட்டில் மூச்சு வாங்கியிருக்கின்றன. மணலிக்குப் போகும் டாங்கர் லாரி தெருவை அசைக்கும்போது வெளிச்சமும் அசையும். குஞ்சுகளின் நிழல் சுவரில் யானை உயரத்துக்கு எழும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருப்பதுதான் வளர்ப்பது என்று எண்ணியிருந்தேன். தீனி விஷயத்தைப் பக்கத்து வீட்டுக் கருவாட்டுக்காரர் கோவிந்தம்மா எடுத்துக்கொண்டார். நெத்திலிக் கருவாட்டை இடித்துத் தூளாக்கி, "துன்னட்டும் நைனா, நல்லா பலம் வரும்" என்று தந்தார்.

சிவப்பு நூல் குஞ்சுக்குப் பின்னால் கருமையாக ஏதோ திரண்டது. வால் முளைக்கிறது என்று மகிழ்ந்தேன். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சீக்கிரமே முளைக்கே" என்று மாமாவும் மகிழ்ந்தார். மறுநாள் வால் வளர்ந்திருந்தது, குஞ்சு சிறுத்திருந்தது. இறகைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, ஒரு மூலையில். கோவிந்தம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"வாலா? யார்யா சொன்னது? பீ காஞ்சி அடைச்சிக்கினு கீது. வெளிய போவ வழி இல்லன்னா இன்னாத்த துன்னும்? அப்டியே உட்டா பூடும்."

(அந்த இடத்தை இனிமேல் பின்வாசல் என்றே எழுதுகிறேன். என் கடிதங்களை மதினியின் மாமியாருக்கு வாசித்துக் காட்டும் வழக்கம் உங்களுக்கு உண்டு.)

காய்ந்ததைப் பிய்த்து எடுத்துவிடலாம் என்று இழுத்தேன். குஞ்சு போட்ட சத்தத்தில் மாமா வியாபாரத்தை விட்டு மாடியேறி வந்தார். என் விரலில் ஒரு கொத்து மஞ்சள் பூமயிர். அடைப்பு அங்கேயேதான் இருந்தது, சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. அப்போது போன் அடித்தது. நீங்கள். "சேவல் எப்படில இருக்கு?" "யோசிச்சுக்கிட்டு இருக்கு அத்தை" என்றேன். பொய் இல்லை. மதினிக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், ஜெபம் பண்ணு என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஊரும் இந்த அட்டைப் பெட்டியும் ஒன்றாகிவிட்டன. ஜெபம் பண்ணவில்லை. குஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிப் போய் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

"இன்னா தலீவா, பாக்கெட்டுல போன் அட்ச்சிக்கினே கீது, எடேன்" என்றார் ஓட்டுநர்.

"போன் இல்லை. பிரசவம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் நிறுத்தவில்லை.

கால்நடை மருத்துவமனையில் ரெஜினா என்று ஒரு டாக்டர். "மொதல்ல இழுக்கிறத நிறுத்துங்க" என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பின்வாசலில் வைத்தார். ஆறியதும் மறுபடி நனைத்தார். ஊறியது. தானாகவே நழுவியது. துணியால் ஒற்றி, நன்றாக உலரவைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினார். குஞ்சு உடனே என் சட்டையில் தன் நன்றியைத் தெரிவித்தது. அந்த உற்சாகத்தில், வயிற்றடியில் இன்னொரு பொருக்கு இருக்கிறதே, அதையும் ஊறவைத்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அது தொப்புள் சார். அதுல கை வெச்சீங்கன்னா கோழியே இருக்காது." கோழிக்குத் தொப்புள் உண்டு, அத்தை. எம்.ஏ. வரை யாரும் சொல்லவில்லை. பல்பைப் பற்றிக் கேட்டு முகத்தைச் சுளித்தார். கருவாட்டைப் பற்றிக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சூடும் உப்பும் சேர்ந்து செய்த வேலையாம். பல்பை உயர்த்தி ஒரு மூலைக்குத் தள்ளு, வேண்டும்போது அருகில் வரட்டும், வேண்டாதபோது விலகட்டும். வெறும் நொய், சுத்தமான தண்ணீர். காலையில் எழுந்ததும் பின்வாசலைப் பார். இவ்வளவுதான். திரும்பும் வழியில் நீங்கள் அழைத்தீர்கள். ஆண் குழந்தை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதன் பிறகும் சில நாள் அடைத்தது. விடியும் நேரம். காசிமேட்டுப் பக்கமிருந்து படகுகள் திரும்பும் ஓசை, காற்றில் பாதி. கிண்ணத்தில் வெந்நீர். உள்ளங்கையில் குஞ்சு. எடை இல்லை. துடிப்பு மட்டும். ஊறும் வரை காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் விளக்கோடு இடத்துக்குக் காத்து நின்றன. நாங்களும் நின்றோம். யாருக்கும் அவசரமில்லை. என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த ஒரே வேலை இதுதானோ என்று தோன்றும். மாமா வாசலில் நின்று, "எம்.ஏ. படிச்சவன் கோழிக்குக் குண்டி கழுவுதான். இவன் அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்பார். ஆனால் நாளடைவில் வெந்நீரை அவரே வைத்துத் தந்தார். விரலை விட்டுச் சூடும் பார்த்தார்.

இப்போது வளர்ந்துவிட்டது. பழுப்பு நிறம். சின்னக் கொண்டை. அடக்கமான சேவல். இதுவரை ஒருமுறைகூடக் கூவியதில்லை. "யோசிக்கிற சேவல்" என்று கோவிந்தம்மாவிடம் சொன்னேன். அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஏன் அவ்வளவு நேரம் சிரித்தார், தெரியவில்லை. கறுப்பு இதற்கு நேரெதிர். இருட்டிலேயே கத்தும். என் காலைக் கொத்தும். புத்தகம் கிழிக்கும். திருவிழாவுக்கு நீங்கள் வரப்போகிறீர்கள் என்று மாமா சொன்னார். அசனப் பானை பெரியது, அத்தை. கழுவிய கையால் சிவப்பு நூலை அதற்குள் அனுப்ப என்னால் முடியாது. ஒரு மூட்டை அரிசி, ஆள் உயர மெழுகுவர்த்தி, என் மொட்டை, எதை வேண்டுமானாலும் மாற்றிக் கொடுத்துவிடலாம். அந்தோணியாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நீங்கள் பேசினால் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

மதினிக்கு என் அன்பு. பேரனுக்கு முத்தம். அவன் தவழும் இடமெல்லாம் அந்தோணியார் முன்னே நடக்கட்டும். மதினியின் மாமியாருக்கு வணக்கம் சொல்லவும், இதுவரை வாசித்துவிட்டிருந்தால்.

பணிவுள்ள,
ஜோபின்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் எழுதுகிறேன். மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். அடக்கமான சேவல் சற்று முன் என் தலையணையில் முட்டை இட்டது. மாமா வந்து பார்த்து, "நேர்ந்தது சேவல்தாம்ல. இது பொட்டை. கறுப்பத்தான் குடுக்கணும்" என்றார். நியாயம். கறுப்பை நான் ஒருநாளும் கழுவியதில்லை. எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்கள் வந்ததும் கொடுத்துவிடலாம்.

இன்னொரு பி.கு.: கறுப்பு வந்து, எனக்கு முதுகைக் காட்டி, அசையாமல் நிற்கிறது. வாலுக்குக் கீழே லேசாக ஒட்டியிருக்கிறது. மாமா வெந்நீர் வைக்கப் போயிருக்கிறார்.