மனித குலத்தின் முதுகு

சமகால ஓவியக் கலை இன்றைக்கு உலகத்தில் தலை நிமிர்ந்து நிற்கிறது என்றால், அதற்கு என் முதுகெலும்பு ஒன்றுதான் காரணம். இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். சூரியன் கூடத் தினமும் எல்லோர் தலைக்கும் மேலே ஏறித்தான் நிற்கிறது. அதை யார் தற்பெருமை என்கிறார்கள்?

ஆடையில்லாத உடம்பின் வழியாக மனித உணர்ச்சியை வெளிப்படுத்துவது எப்படி என்று எத்தனையோ மேதைகள் தூரிகையும் கையுமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு அலைந்தார்கள். விடை, ஓய்வு பெற்ற ஓர் அரசு ஊழியரின் பனியனுக்குள் பத்திரமாக இருந்தது. அந்த ஊழியர் அடியேன்.

நூலகத்து அறிவிப்புப் பலகையில்தான் அந்த அழைப்பைப் பார்த்தேன். "ஓவியத்துக்கு மாடல் தேவை. வயது தடையில்லை. நெடுநேரம் அசையாமல் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும்." படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேலையில் சேர்ந்த நாள் முதல் மாலை போட்டு அனுப்பிய நாள் வரை நான் வேறு என்ன செய்தேன்? 'குறை தீர்க்கும் பிரிவு' என்ற புனிதமான பீடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஊரே திரண்டு வந்து அழுதது, நான் அசைந்தேனா?

ஓவியரின் கூடம் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே தூரிகைகள் டப்பாவுக்குள் நடுங்கும். டர்பன்டைன் வாசனை. ஜன்னல் கண்ணாடிகளில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. நடுவே ஒரு முக்காலி. ஓவியர் முப்பது வயதுப் பெண்மணி; கொண்டையில் ஊசிக்குப் பதிலாகத் தூரிகை செருகியிருந்தார்.

"அசையாம உக்காருவீங்களா சார்?"

"குறை தீர்க்கும் பிரிவுல இருந்தேம்மா."

"ஓ!" என்றார். நேர்முகத் தேர்வு அதோடு முடிந்தது.

"ஒரே ஒரு விஷயம் சார். உடம்புல துணி இருக்கக் கூடாது."

"சட்டையைச் சொல்றீங்களா?"

"சட்டையில ஆரம்பிங்க" என்றார் ஓவியர். கலையின் நலன் கருதி மடியில் ஒரு தடித்த அகராதியை வைத்துக்கொள்ள அனுமதி கோரினேன். கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு மறுக்கப்பட்டது.

இந்த மகத்தான நியமனத்தை வீட்டில் அறிவித்தேன். என் மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீக் கெண்டியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

"துணியில்லாமலா? நீங்களா? குளிக்கப் போனா தாழ்ப்பாளை ரெண்டு தடவ ஆட்டிப் பாக்கிற ஆளு! டாக்டர் முதுகுல குழாய் வெக்கணும்னப்ப, பனியனுக்கு மேலயே வைங்கன்னு சண்டை போட்ட ஆளு! யாருகிட்ட விடுறீங்க கதை?"

"இது கதையில்ல, கலை. உடம்பால உணர்ச்சியைக் காட்டணும்."

சிரிப்பு நின்றது. "உணர்ச்சியா? உங்ககிட்டயா?"

"ஏன், எனக்கு இருக்கக் கூடாதா?"

"இருந்தா இத்தனை வருஷத்துல ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்திருக்குமே. போங்க, என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்று சொல்லிவிட்டு டீயை ஊற்றினாள். டம்ளருக்குப் பக்கத்தில். கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றே சபதம் செய்தேன். உலகம் நம்பாவிட்டால் போகட்டும். இவளை நம்பவைக்காமல் சட்டை போடுவதில்லை!

ஆனால் ஆரம்ப நாட்கள் சோதனையாகவே கழிந்தன. ஓவியர் என்னைத் தமக்கு எதிரே உட்காரவைத்து உத்தரவு போட்டார். "துக்கம் காட்டுங்க சார்." காட்டினேன். "கோபம்." காட்டினேன். "ஏக்கம், பயம், காதல்." ஒன்று விடாமல் காட்டினேன். சாயங்காலம் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தோம். எல்லாத் தாளிலும் ஒரே ஆள். சாப்பாட்டு நேரத்துக்கு மணி அடிக்கக் காத்திருக்கிறான்.

"சார், மூஞ்சியில ஒண்ணுமே வரலையே."

"வரக் கூடாதுன்னுதாம்மா சம்பளமே குடுத்தாங்க."

ஓவியர் தூரிகையை வைத்துவிட்டு ஸ்டூலில் தளர்ந்து உட்கார்ந்தார். கண் கலங்கியது. "என் தலையெழுத்து சார். போன கண்காட்சியில ஒரு படமும் போகல. அச்சகக்காரர் மாடியைக் காலி பண்ணுங்கறார். இந்தப் படமும் வரலைன்னா நான் எங்க போவேன்னு..."

அதற்கு மேல் என் காதில் ஏறவில்லை. ஏனென்றால் என் பயிற்சி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இங்கே துறை ரகசியம் ஒன்றை வெளியிடுகிறேன். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் சுழல் நாற்காலி. மனுக் கொண்டுவந்தவர் குரல் தழுதழுக்கத் தொடங்கியதும், நாற்காலியை அரைவட்டம் சுழற்றிப் பின்னாலிருக்கும் பீரோவைப் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டும். கோப்பு தேடுவதாகப் பொருள். எதையும் தேட வேண்டியதில்லை, பார்த்தால் போதும். பீரோ அழாது. கொஞ்ச நேரத்தில் பின்னால் நிற்பவரும் அழமாட்டார், ஏனென்றால் நிற்கமாட்டார். இந்த அரிய முறையால் நாங்கள் தீர்த்த குறைகளுக்குக் கணக்கே கிடையாது.

ஓவியர் "எங்க போவேன்" என்றதும் என் உடம்பு முக்காலியில் தானாகவே அரைவட்டம் சுழன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

"அசையாதீங்க!" பின்னாலிருந்து ஓர் அலறல். "சார், அப்படியே இருங்க! அப்பப்பா, அந்த முதுகு! என்ன பாரம், என்ன பரிவு! இவ்வளவு நாளா இதை எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"நாற்காலியிலம்மா" என்றேன் அடக்கத்தோடு.

சமகால ஓவியத்தில் ஒரு புதிய யுகம் இவ்வாறாகத் தொடங்கியது.

யுகத்துக்கு ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பின்னால் யாராவது குறை சொல்லிக்கொண்டிருந்தால்தான் முதுகில் உணர்ச்சி நின்றது. சொல்வது நின்றால் முதுகு வெறும் முதுகாகிவிடும். எனவே ஓவியர் ஒரு கையால் தீட்டிக்கொண்டே வாயால் முறையிட வேண்டியதாயிற்று. சொந்தக் குறைகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. பிறகு அச்சகத்துக் காவலாளியின் மருமகள் பிரச்சினையைக் கடன் வாங்கினார். பால்காரரின் மூலவியாதியைக் கொஞ்சம் கண்ணீர் கலந்து சொன்னார். ஒருநாள் சரக்குக் கிடைக்காமல் தக்காளி விலையைச் சொன்னார்; முதுகு ஏமாறவில்லை.

"தோள்தான் சார் இன்னும் வரல" என்று அலுத்துக்கொண்டார். "வலது தோள்ல ஏதோ ஒண்ணு குறையுது. உசிருக்கு உசிரா இருக்கிற ஒருத்தர் சொல்ற துயரத்தைக் கேட்டா வருமே, அது."

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, "என்னங்க, நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

'நாளைக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களை நான் நன்கு அறிவேன். அவை எப்போதும் எனக்கு ஒரு வேலையில் போய்த்தான் முடியும். சாய்வு நாற்காலி சுழலாது; அதனால் நானே சுழன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் வாக்கியம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் குரல் தழுதழுத்தது என்று நினைக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மிகவும் சுவாரசியமாக இருந்தது.

மறுநாள் முக்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், ஓவியர் கூச்சலிட்டார். "வந்திருச்சு! தோள் வந்திருச்சு சார்! நான் இன்னும் வாயே திறக்கல! வீட்டுல யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னா. என்னமோ சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் ஞாபகம் வெச்சுக்கிட்டா தோள் எப்படிம்மா வரும்?"

அன்று பொழுது சாய்வதற்குள் ஓவியம் முடிந்தது. தலைப்பு: 'பிறர் துயரம்'.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணும் இல்லை. சாவியை அவள் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஏதோ சொல்லவும் செய்தாள். நான் அதற்குள் பூட்டின் பக்கம் திரும்பிவிட்டேன்.

மறுநாள் முதல் வீட்டில் ஒரு மாறுதலைக் கவனித்தேன். மனைவி வீட்டுக்குள்ளேயே பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடமாடினாள்! கலைஞன் குடும்பம் என்ற மிடுக்கு அவளுக்கும் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். எதிர்வீட்டுப் பெண்தான் சமைத்துக் கொண்டுவந்து வைத்தாள். புகழ் வந்தால் அண்டை அயலார் இப்படித்தான்.

"ஞாயித்துக்கிழமை கண்காட்சி" என்றேன். "உன் கண்ணால பாக்கணும்னியே, வந்து பாரு."

கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. "வரேன்" என்றது.

கண்காட்சி மண்டபத்தில் உணர்ச்சிகள் உரித்த கோழிகளாக வரிசையாகத் தொங்கின. வாளிக்குள் நிர்வாணமாக நின்ற ஒருவர் 'ஏக்கம்'. நீலநிறத்தில் தலைகீழாக இருந்த ஒரு அம்மாள் 'விடுதலை'. முழுக்கக் கறுப்பு மட்டும் பூசிய ஒரு சட்டம் 'வெட்கம்'; அதில் ஓர் உருவம் இருப்பதாகவும், விளக்கை அணைத்துவிட்டு நிற்பதாகவும் விளக்கம் எழுதியிருந்தது. இவற்றுக்கெல்லாம் நடுவில், தனி விளக்கின் கீழே, சுவர் நிறைய, நான். அதாவது என் முதுகு.

'இவர்தான் அவர்' என்று ஓவியர் அறிமுகப்படுத்தியதும் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது, பின்பக்கமாக. எல்லோரும் என் முதுகுக்கு வணக்கம் சொன்னார்கள். ஒருவர் குடும்பத்தோடு அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படத்தில் சிரிக்க வேண்டுமா என்று கேட்டேன். உங்கள் முகம் தேவையில்லை என்றார். ஒரு செல்வந்தர் தம் மருத்துவமனை வாசலில் மாட்டுவதற்காக ஓவியத்தை வாங்கிவிட்டார். ஓவியரின் மாடி பிழைத்தது.

கழுத்தைச் சுற்றி நீளத் துண்டு போட்டிருந்த கலை விமர்சகர் பேச எழுந்தார்.

"இதை முதுகு என்று சொல்பவன் குருடன்!" என்றார். "இது ஒரு காது! மனித குலத்தின் காது! உயர்ந்திருக்கும் அந்த வலது தோளைப் பாருங்கள். பின்னால் யாரோ ஒரு ஜீவன் தன் துயரத்தைச் சொல்கிறது. இந்த மனிதன் அதைக் கேட்கிறான். ஒரு சொல் விடாமல் கேட்கிறான்!"

கைதட்டல் ஓயும்போதுதான் என் மனைவி எதிர்வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு. மண்டபம் முழுக்க நம்பிவிட்டது; மீதி இருந்தது இவள் ஒருத்திதான்.

"அக்கா, மெதுவா. படி இருக்கு" என்றாள் எதிர்வீட்டுப் பெண். என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றாள். அந்த வணக்கத்தில் மரியாதையைத் தவிர எல்லாம் இருந்தது.

மனைவி ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். வலது கண் சிவந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. இமைக்காமல் பார்த்தாள். நானும் பக்கத்தில் போய், "வேணும்னா மச்சத்தைக் காட்டட்டுமா? இடது பக்கம், விலாவுக்கு..." என்றேன்.

"மச்சம் எதுக்கு?" என்றாள். "நான் உங்க மச்சத்தோடயா குடித்தனம் பண்றேன்?"

விமர்சகர் பரவசத்தோடு குறுக்கே வந்தார். "அம்மா, அந்தத் தோள்ல என்ன தெரியுது உங்களுக்கு?"

"நீங்க சொன்னதேதான் தம்பி. இவருக்குக் காதுல விழுந்திருக்கு. ஒரு சொல் விடாம விழுந்திருக்கு" என்றாள். "விழுந்தப்புறந்தான் இந்தத் தோள் இப்படி ஏறும், காதை அடைக்கிற மாதிரி. நாளைக்குக் கண்ணு ஆபரேஷன், தனியாப் போக பயமா இருக்கு, கூட வரீங்களான்னு கேட்டேன். அப்பவும் ஏறிச்சு. கண்ணு மங்கலா இருந்ததால, ஒருவேளை நமக்குத்தான் சரியாத் தெரியலையோன்னு நினைச்சுட்டேன்."

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு பெண்மணி தன் கணவரின் தோளைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டுப் பெண் கைக்குட்டையை நீட்டினாள். மனைவி அதை வாங்கிக் கண் ஓரத்தை ஒற்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள். முகத்துக்கு நேராக.

"இப்போ பளிச்சுனு தெரியுது. நம்புறேங்க. இது நீங்கதான்."