பாம்புக்காதும் பிஸ்கட் டின்னும்

இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவன் நான். செகந்திராபாத்தை அடுத்த குஷாய்குடாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அதிகாரி; குடியிருப்பின் சங்கீத சபைக்குச் செயலாளர். நான் 'தேறியது' என்று கையொப்பமிட்ட கருவியை மறுபடி சோதிக்கும் துணிவு எவருக்கும் இருந்ததில்லை. அத்தகைய என் செவியை ஈரேழு பதினான்கு உலகத்திலும் சந்தேகித்த ஒரே ஜீவன் பாம்புக்காதுதான்.

அவர் எங்கள் சோதனைக்கூடத்து டெக்னீஷியன்; பட்டப்பெயர் காதின் கூர்மையால் வந்தது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வேரூன்றிய ரயில்வே குடும்பம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால், "கேஸ்கட் இன்னும் நாலு நாள்தான்" என்பார். நாலாம் நாள் சாம்பார் கூரையில் இருக்கும். ஒரு கல்யாணத்தில், "மைக்குல ஏதோ இரையுது, கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்று நாதஸ்வரத்தை நிறுத்திவைத்ததில் முகூர்த்தமே தவறவிருந்தது. தொழிற்சாலைப் பழக்கத்தில், கம்பி எதைக் கண்டாலும் வரிசை எண் எழுதிய அட்டைச் சீட்டைக் கட்டிவிடுவார். அவர் வீட்டுத் துணிக்கொடிகளில்கூட 'ஒன்று', 'இரண்டு' என்று சீட்டுகள் ஆடும்.

குவைத்திலிருந்த மைத்துனர் மூலம் நான் ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் தருவித்தேன். விலையைச் சொல்வது நாகரிகமன்று. உப்பல் பகுதியில் என் மனைவி ஆசையாகப் பார்த்துவைத்திருந்த மனை வேறொருவருக்குப் போயிற்று என்பது போதும். "செவியுள்ளவனுக்கு வித்தியாசம் தெரியும்" என்று அவளிடம் கூறியிருந்தேன்.

பாம்புக்காது வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் பாடுது சார். ஆனா கைக்கு சார், எதுக்கு இவ்ளோ காசு? என் பிஸ்கட் டின்னும் இதே மாதிரிதான் பாடும்."

பிஸ்கட் டின் உவமையன்று. கோட்டிக் கடைத்தெருவில் பொறுக்கிய உதிரிகளைக் கொண்டு, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அவரே இரண்டாண்டு உழைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர் அது.

"பாடுமா?"

"ஹவ் சார், பாடும்! திரை கட்டிப் பாத்துரலாம். எது உங்களுதுன்னு நீங்க சரியா சொல்லிட்டா, டின்னை நானே மிதிச்சு நசுக்கிடறேன்."

எனக்கும் அது தெரிந்தாகவேண்டியிருந்தது. தனிமையில் கண்களை மூடிக்கொண்டு, 'உண்மையிலேயே உயர்வுதானா?' என்று நானும் கேட்டுப் பார்த்ததுண்டு.

ஞாயிறு காலை, சபைக் கூடத்தில் போர்வையைத் திரையாகக் கட்டினோம். ஒரே இசைத்தட்டு, ஒரே ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயர் மட்டும் மாறும். திரைக்குப் பின்னால் பாம்புக்காது. முன்வரிசையில் என் மனைவி.

வயலின் ஒருமுறை ஒலித்தது. மறுமுறையும் ஒலித்தது. நான் எழுந்து நின்றேன்.

"முதலாவது ஆற்றொழுக்கு, இரண்டாவதில் தகரம் தெரிகிறது. முதலாவதே என்னுடையது."

போர்வை சற்று விலகியது. பாம்புக்காது என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாம்பு, பொட்டிக்குள்ள அடங்கிட்டியா? சொல்லுய்யா!" என்றார் பின்வரிசைக் கணக்கர்.

"கரெக்ட் சார். மொதல்லது உங்களுது."

கூடம் கைதட்டியது. "மனை கிடக்கட்டுங்க, இன்னொண்ணு வராமலா போகும்?" என்றாள் என் மனைவி. பாம்புக்காது டின்னை முற்றத்துக்கு எடுத்துப்போனார். "நக்கோ, நக்கோ!" என்று நாலுபேர் தடுத்தும், "வார்த்தைன்னா வார்த்தை" என்று செருப்புக்காலால் மிதித்து நசுக்கினார்.

கூட்டம் கலைந்தபின் என் பெட்டியை எடுக்கத் திரைக்குப் பின்னால் போனேன். அதன் கம்பியில் அட்டைச் சீட்டு தொங்கியது. 'இரண்டு'.

நிமிர்ந்தேன். பாம்புக்காது வாசலில் நின்றிருந்தார்.

"பழக்கம் சார்," என்றார். "கட்டித் தொலைச்சுட்டேன்."

சீட்டை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று அங்கிருந்தவர்கள், திரைக்கு இப்பால் நின்றே என் ஜப்பான் பெட்டியை நான் இனங்கண்டதாக இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. நான் மெச்சியது பிஸ்கட் டின்னை. அது மிக நன்றாகப் பாடியது.