அறுபத்து நாலாவது கோப்பு

"கைத்தறிக்கு எதுக்குங்க ஜெனரேட்டர்?"

சட்டமன்றக் கணக்குக் குழுவின் தலைவர் துர்காதேவி கேட்ட கேள்வியில், காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கம் கப்சிப் ஆனது. முறுக்கைக் கடிக்கப் போன அதிகாரி ஒருவர் கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"காலால மிதிச்சி, கையால நெய்யற தறி. அதுக்கு ரெண்டே கால் லட்சத்துல ஜெனரேட்டர். பதினெட்டு வருஷமா தணிக்கையில கேட்டுக்கினே இருக்காங்க. யாராவது ஒருத்தர் பதில் சொல்லுங்கப்பா."

பட்டு நெசவுப் பயிற்சி மையத்தின் துணை இயக்குநர் ஜெபகுமார் எழுந்தார். பாவம், அவர் இந்த ஊருக்கு வந்தே எட்டு மாதம்தான் ஆகிறது. எழுந்தவர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கண்காணிப்பாளர் குமரகுரு, ஜெனரேட்டர் என்ற சொல்லையே இன்றுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி தன் செருப்பு வாரை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்னும் பத்தொன்பது நாளில் ஓய்வு பெறப் போகிற மனிதர்.

உண்மையைச் சொன்னால், இதில் யாரும் எதையும் விழுங்கவில்லை. அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் மின்வெட்டு. சாயங்கால வகுப்புக்கு வரும் பெண்கள் இருட்டில் இழை தெரியாமல் தவித்தார்கள். விளக்கு எரிவதற்காக வாங்கிய ஜெனரேட்டர் அது. சென்னையிலிருந்து முறையாக அனுமதி வந்தது. ஊருக்கே தெரியும். ஆனால் ஊருக்குத் தெரிந்தது அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமானால் காகிதம் வேண்டும். காகிதம் கோப்பில் இருக்கிறது. கோப்பைக் காணோம்.

துர்காதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய பதில்களைப் புரட்டினார்.

"மொத எட்டு வருஷம், 'கோப்பு தேடப்பட்டு வருகிறது'. எட்டு வருஷமாவா தேடுனீங்க?"

"நல்லா தேடுனோம்மா," என்றார் குமரகுரு எழுந்து நின்று.

"அதுக்கப்புறம், 'வெள்ளத்தில் அழிந்துவிட்டது'. உங்க ஆபீஸு எத்தினியாவது மாடி?"

"ரெண்டாவதும்மா."

உறுப்பினர்கள் சிரித்தார்கள். துர்காதேவி சிரிக்கவில்லை.

"அதுக்கும் பதில் எழுதிட்டீங்க. 'கோப்பு அச்சமயம் தரைத்தளத்தில் இருந்தது.' ஏன் இருந்துதுன்னு கேட்டா, 'கரையான் பிடித்ததால் வெயிலில் உலர்த்தக் கொண்டுவரப்பட்டது.' ஏம்பா, டிசம்பர் மாசம் மாவட்டமே முழுகிக்கினு இருந்துது. உங்க ஆபீஸ் வாசல்ல மட்டும் வெயில் காஞ்சுதா?"

"லேசா காஞ்சுதும்மா."

சொல்லியிருக்க வேண்டாம்தான். வாயில் வந்துவிட்டது.

"சரி. அப்போ உலர்த்தின ஃபைல் பட்டியலக் குடுங்கன்னோம். போன மாசம் குடுத்திருக்கீங்க. முப்பத்தாறு ஃபைல்." விரல் பட்டியலில் இறங்கி, இருபத்தொன்பதில் நின்றது. "இது என்னா? 'ஜெபகுமார், பணிப்பதிவேடு.' எட்டு மாசத்துக்கு முந்தி இந்த ஊருக்கு வந்தவரோட பதிவேடு, பத்து வருஷத்துக்கு முந்தி வந்த வெள்ளத்துல எப்படிங்க போச்சு?"

ஒற்றைக் கோப்பு மட்டும் அழிந்தது என்றால் சந்தேகம் வருமே என்று, அலமாரியில் கைக்கு அகப்பட்ட எண்களையெல்லாம் குமரகுரு வரிசையாக எழுதிச் சேர்த்ததன் பலன் இது. எழுதும்போது எண்களைத்தான் பார்த்தார், பெயர்களைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட ஜெபகுமாரோ எதையுமே பார்க்கவில்லை. தன்னுடைய இருபத்தாறு வருட வேலையை வெள்ளத்தில் விட்டுவிட்டு, அதற்குத் தானே சான்றும் அளித்திருந்தார்.

ஜெபகுமாரின் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. அதுவரை பைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"மேடம், இதுதான் உண்மையான ஆவணம். இன்னைக்குக் காலைலதான் கிடைச்சது."

குமரகுரு எட்டிப் பார்த்தார். அந்தக் காகிதத்தை அவர் அலமாரிக்குப் பின்னால், சுவருக்கும் மரத்துக்கும் நடுவே சொருகி வைத்திருந்தார்.

"பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல்," என்று படித்தார் துர்காதேவி. "மொத்தம் அறுபத்து நாலு ஃபைல். கடைசி ஃபைல் ஜெனரேட்டர். ஒப்படைத்தவர், புவனேஸ்வரி, உதவியாளர். பெற்றுக்கொண்டவர், குமரகுரு. இது நீங்கதானே? அறுபத்து நாலும் வாங்கினீங்களா?"

வாங்கினேன் என்றால் தொலைத்தது அவர். வாங்கவில்லை என்றால் கொடுக்காதது அவள்.

"நான் எண்ணலம்மா."

"எண்ணாம எப்படிங்க கையெழுத்துப் போட்டீங்க?"

அதற்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் அது பதினோரு சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், நடப்பதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கும் முன்னால் சொல்லக்கூடிய பதில் இல்லை.

"அந்தம்மா இப்போ எங்க இருக்காங்க?"

"வாலாஜாபாத்ல மேடம். போன வருஷம் விருப்ப ஓய்வுல போயிட்டாங்க," என்றார் ஜெபகுமார். இருக்கிற விவரமெல்லாம் திரட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார், புண்ணியவான்.

"சரி. நாங்க பெருமாளச் சேவிச்சிட்டு, சாப்ட்டுட்டு மூணரைக்கு உக்காருவோம். அந்தம்மாவ சாட்சியா கூட்டினு வாங்க. ரெண்டு பேரையும் எதிர் எதிர்ல உக்கார வெச்சிக் கேக்கறேன்."

எதிர் எதிரில். புவனேஸ்வரிக்கு எதிரில் ஒரு முறை உட்கார மாட்டோமா என்று பதினெட்டு வருடமாக ஏங்கிய மனிதருக்கு, அரசாங்கம் நாற்காலி போட்டுக் கொடுக்கிறது. நடுவில் மைக்கும் இருக்கும்.

குழு கோயிலுக்குக் கிளம்பியதும், ஜெபகுமார் நடைபாதையில் குமரகுருவைப் பிடித்தார்.

"ஒரு மெமோ போட்டு பியூனை அனுப்புங்க."

"வேணாம் சார். நானே போறேன்."

"மூணரைக்குள்ள அவங்க வரலைன்னா, பழி உங்க தலையிலதான். மாசக் கடைசியில உங்களை ஓய்வு பெற விட மாட்டாங்க. சஸ்பென்ஷன்தான். என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"சரிங்க சார்."

வாலாஜாபாத் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. முக்கால் மணி நேரப் பயணம். இந்தப் பதினெட்டு வருடத்தில் இதே பஸ்ஸில் அவர் ஆறு முறை ஏறியிருக்கிறார். நான்கு முறை முத்தியால்பேட்டையிலேயே இறங்கிவிட்டார். ஒரு முறை ஐயம்பேட்டை வரை தைரியம் தாக்குப் பிடித்தது. ஒரே ஒரு முறை வாலாஜாபாத்துக்கே போய்ச் சேர்ந்து, நிலையத்தில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பி உட்கார்ந்தார். "என்னா சார், மல்லாட்ட வாங்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்று நடத்துநர் கேட்டதற்கு, "இங்க நல்லா இருக்கும்பா," என்றார்.

அவரும் புவனேஸ்வரியும் நான்கு வருடம் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தார்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மேசை விசிறி. காற்று பட்டால் தனக்கு உடம்பு வலிக்கும் என்று சொல்லி அதை அவள் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, நான்கு சித்திரையும் வேர்வையில் குளித்தார் குமரகுரு. இரண்டு பேருமே பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். ரெண்டு வீட்டிலும் யாரும் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டியது ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வரவில்லை. கரையானுக்கும் வெயிலுக்கும் அவ்வளவு கற்பனை வந்த மனுஷனுக்கு இது வரவில்லையே, என்னத்தைச் சொல்ல!

அவளுக்கு வாலாஜாபாத் கிளைக்கு மாறுதல் வந்தது. அன்று கோப்புகளை அடுக்கி வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க சார்."

"பரவால்ல மேடம்."

"இல்ல, நல்லா எண்ணிப் பாத்துக்குங்க."

எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டாவதில் கண் நிறைந்துவிட்டது. இன்னும் எண்ணினால் அவள் முன்னாலேயே அழுதுவிடுவோம் என்று பயந்து, குனிந்த தலை நிமிராமல் கையெழுத்தைப் போட்டார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் எண்ணினார். அறுபத்து மூன்று. நாயன்மார்களுக்குச் சரியான கணக்கு, அலுவலகத்துக்கு ஒன்று குறைந்தது.

அவளிடம் கேட்கலாம். கேட்பதென்றால் கடிதம் எழுத வேண்டும், கடிதமென்றால் அவளுடைய மேலதிகாரிக்கு ஒரு நகல் போகும், புது இடத்தில் முதல் வாரமே அவள் கையில் மெமோ கொடுப்பார்கள். நேரில் போய்க் கேட்டாலோ, நீ எடுத்தாயா என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் 'தேடப்பட்டு வருகிறது' என்று எழுதினார். பிறகு வெள்ளத்தைக் கொண்டுவந்தார், கரையானைக் கொண்டுவந்தார், வெயிலையும் கொண்டுவந்தார். எல்லாம் அவள் பெயர் ஒரு காகிதத்திலும் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். இன்றைக்கு அந்தப் பெயர் சட்டமன்றத்துக்கே போகப் போகிறது.

ஐயம்பேட்டை வந்தது. குமரகுரு இறங்கவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, குலுங்குகிற பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்தார்.

அரிசி ஆலைக்குப் பின் தெரு. விலாசம் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கதவைத் திறந்தவர் புவனேஸ்வரியின் அக்கா கமலாட்சி. கையில் முறம்.

"யாருங்க?"

"காஞ்சிபுரம்... ஆபீஸ்லருந்து. குமரகுருன்னு..."

அந்த அம்மாள் அவரை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு முறை பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"புவனா! வந்துட்டாரு பாரு!"

புவனேஸ்வரி வந்தாள். முன்நெற்றியில் நரை. மூக்குக் கண்ணாடி. மற்றபடி அதே நடை, அதே மாதிரி முந்தானையால் கையைத் துடைத்துக்கொள்கிற பழக்கம். குமரகுருதான் முதலில் கேட்டார்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கறேன் சார். நீங்க?"

"இருக்கறேன்."

பதினெட்டு வருடப் பேச்சு அதோடு தீர்ந்துவிட்டது. மணி இரண்டே கால். குமரகுரு படபடவென்று ஆரம்பித்தார்.

"மேடம், சட்டமன்றக் குழு வந்துக்குது. ஜெனரேட்டர் ஃபைலு விஷயம். உங்களக் கூப்புட்டு வெச்சிக் கேக்கப் போறாங்க. நீங்க பயப்படாதீங்க. அறுபத்து நாலும் குடுத்துட்டேன்னு ஒரே வார்த்த சொல்லுங்க, போதும். நான்தான் தொலச்சேன்னு எழுதியே எடுத்துக்கினு வந்துட்டேன்."

தாளை நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். பஸ் குலுக்கலில் கோணல்மாணலாக இருந்த எழுத்தை நிதானமாகக் கடைசி வரை படித்தாள்.

"இதக் குடுத்தா உங்கள சஸ்பென்ட் பண்ணிடுவாங்களே சார்."

"பண்ணட்டும் மேடம். வீட்டுக்குப் போய் மட்டும் என்னா பண்ணப் போறேன்? அங்க யாரு இருக்காங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும் இல்லியா?"

"இல்ல மேடம்."

"இங்கயும் நானும் அக்காவும்தான்," என்றாள். பிறகு தாளை நான்காக மடித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கலாமே சார்."

"எப்படி மேடம் கேக்கறது? உங்க மேல சந்தேகப்படற மாதிரி ஆயிடும். நீங்க மனசு கஷ்டப்படுவீங்க. அதனாலதான் நானா எதையோ எழுதி... வெள்ளம்னு எழுதினேன்... கரையான்னு கூட எழுதினேன்."

புவனேஸ்வரி சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. உள்ளே போனாள். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாட்சிக்குப் புறப்படப் புடவை மாற்றப் போகிறாள் போலிருக்கிறது என்று குமரகுரு கடிகாரத்தைப் பார்த்தார்.

வந்தவளின் கையில் ஒரு கோப்பு இருந்தது. சிவப்பு நாடா அவிழாமல், துளித் தூசி இல்லாமல், மேலே அவர் கைப்பட எழுதிய எண்ணோடு. அவர் நாடாவை அவிழ்த்தார். முதல் பக்கத்திலேயே சென்னையின் அனுமதி ஆணை இருந்தது.

குமரகுரு ஆணையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது... இங்க எப்படி மேடம்? அன்னிக்கி மத்த சாமானோட தெரியாம கலந்து வந்துட்டுதா?"

அவள் தரையைப் பார்த்தாள். வார்த்தை வராமல் நிற்பது இப்போது அவள் முறை.

காபி டம்ளரோடு வந்த கமலாட்சி, அதை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு ஃபைலு கொறஞ்சா மறுநாளே தேடிக்கினு வந்துடுவீங்கன்னுதான் தம்பி இவ அன்னிக்கி எடுத்துக்கினு வந்தா. நீங்க வர்றதுக்குச் சட்டசபையே கெளம்பி வர வேண்டியதாப் போச்சு!"