மட்கி 4.62 மில்லிமீட்டர்

பிள்ளைக்கு பிராஜெக்ட் செய்துகொடுக்கும் அப்பன் திருடன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் திருடன்தான். மாட்டிக்கொண்ட திருடன்.

தொண்ணூறுகளின் கடைசி. வீடு மராட்டிக்காரர்கள் ஊரில், போபோடியில். தளேகாவில் ஒரு ஃபேக்டரியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. மெஷினிலிருந்து வரும் உருப்படிகளை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, சரியில்லாததைத் தூக்கி எறிய வேண்டும். (வீட்டிலும் அதே புத்திதான். தோசை வட்டமாக இல்லாவிட்டால்கூட முகம் சுளிப்பேன்.) அந்த வாரம்தான், ஒரு வார அளவுகளை அளக்காமலே ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய ஒருவனைப் பிடித்து, வெட்கமில்லையா என்று எல்லோர் எதிரிலும் கத்தியிருந்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கவிதா நாலாம் வகுப்பு. பத்துப் பயறுகளை ஈரப் பஞ்சில் போட்டு, ஏழு நாள் பார்த்து, தினமும் நோட்டில் எழுதி, எட்டாம் நாள் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். அவளாகவே ஒரு டப்பா மூடியில் மட்கிப் பயறு போட்டு ஜன்னலில் வைத்தாள். தண்ணீரை அளவில்லாமல் ஊற்றித் தள்ளிவிட்டாள். எட்டாம் நாள் காலையில்தான் நான் பார்த்தேன். இரண்டு முளைத்திருந்தன. எட்டு அழுகியிருந்தன. நோட்டைத் திறந்தால், "இன்று ஒன்றும் இல்லை." "இன்றும் ஒன்றும் இல்லை." "இன்று நாற்றம்."

"இதுக்கு எவன் மார்க் போடுவான்?"

"அப்பா, டீச்சர் இதையேதான் கொண்டு வரச் சொன்னாங்க. நான்தான் எல்லாருக்கும்..."

"வாயை மூடு."

"புள்ள என்னமோ சொல்லுது, கேளுங்களேன்" என்றாள் மனைவி சரோஜா. கேட்டிருந்தால் நான் அப்பனா?

மூடியோடு கச்ராவில், குப்பைக் கூடையில், எறிந்தேன். மிசல் என்கிற காரக் குழம்பு செய்ய மட்கியை முளைகட்டியே விற்பார்கள் இங்கே. காய்கறிக் கடைக்கு ஓடிப்போய் ஒரு பிடி வாங்கி வந்து, நல்லதாகப் பத்துப் பொறுக்கி, புதுப் பஞ்சில் நட்டேன். நோட்டில் அவள் எழுதியதைக் கிழித்தேன். ஏழு நாள் அளவையும் பத்தே நிமிடத்தில் நான் சொல்லச் சொல்ல, அழுதுகொண்டே எழுதினாள். முதல் நாள் 1.18 மில்லிமீட்டர். மூன்றாம் நாள் 4.62. (தொழில் புத்தி. முழு எண் என் வாயில் வராது.)

ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டேன். பாராட்டைக் காதால் கேட்க வேண்டுமே! வகுப்பு டீச்சர் ஒரு முளையை இரண்டு விரலால் தூக்கினார். வேர் பஞ்சைப் பிடிக்கவே இல்லை. கையோடு வந்துவிட்டது. பிறகு நோட்டைப் பார்த்தார்.

"கவிதா, வெர்னியர் ஸே நாபா?" வெர்னியரால் அளந்தாயா என்று.

"பப்பா கா ஹை" என்றாள் கவிதா. அப்பாவுடையதாம்.

"அவுர் தும்ஹாரி மட்கி?" உன்னுடைய மட்கி எங்கே என்று.

"கச்ரே மே." குப்பையிலாம்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். தண்ணீர் அதிகமானால் பயறு ஏன் அழுகுகிறது என்று இன்று கவிதாதான் வகுப்புக்குச் சொல்வதாக இருந்தது, அதற்குத்தான் அழுகியதைக் கொண்டு வரச் சொன்னேன் என்றார். திட்டவில்லை. ஃபேக்டரியில் அந்த ஆளை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படிப் பார்த்தார். கவிதா போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். சரோஜா அதற்குள் கச்ராவைத் தெருமுனைத் தொட்டியில் கொட்டியிருந்தாள். சட்டைப்பையில் வெர்னியரோடு தொட்டிக்குள் குனிந்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன தேடுறீங்க அண்ணா?" என்று மராட்டியில் கேட்டார்.

"பொண்ணோட பிராஜெக்ட்."

முட்டை ஓட்டுக்கும் டீத்தூளுக்கும் நடுவில் மூடி மட்டும் கிடைத்தது.

இன்றைக்கும் பார்க்கிறேன், பிராஜெக்டைக் கடையிலேயே ரெடிமேடாக வாங்குகிறார்கள். அப்பன் வெட்டிய தெர்மகோலுக்கு மார்க் போட்டுச் சுவரில் மாட்டும் பள்ளிகளை எதால் அடிப்பது? பெற்றவர்களே, கையை எடுங்கள். பயறு அழுகட்டும். ஏன் அழுகியது என்று பிள்ளை யோசிக்கட்டும். படிப்பு என்பது அதுதான். மிச்சமெல்லாம் காய்கறிக் கடை.

அன்று முதல் வீட்டில் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் மரியாதை கிடையாது. "ஆறு மணிக்கு வர்றேன்" என்றால் "ஆறு பாயின்ட் எவ்வளவுப்பா?" என்பாள் கவிதா.

இப்போது அவளுக்குக் கராடியில் ஃபிளாட். போன மாதம் போனேன். ஜன்னலில் ஒரு டப்பா மூடி, பஞ்சு, பேத்தியின் பயறு. பக்கத்தில் ஒரு காகிதம். அந்த வீட்டில் தமிழைச் சரளமாகப் படிக்கிறவன் நான் ஒருவன்தான். கோணல் எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள் கவிதா:

"அப்பா, கை வைக்காதீங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஆறு அழுகிவிட்டன. ஆறுதான். பாயின்ட் ஒன்றும் இல்லை.