எல்லாத்துக்கும் ஓம் சொன்ன றைவர்

போன கிழமை கொம்பியூட்டரைத் திருத்தச் சுன்னாகத்துக்குக் கொண்டு போனன். அவ்வளவுதான் அலுவல்.

வீட்டிலை பூவேலை செய்யிற மிசின் வைச்சிருக்கிறன். பழைய கொம்பியூட்டர் ஒண்டுதான் அதை ஓட்டுறது; தைக்கிற படங்களும் அதுக்குள்ளைதான். என்ரை இவரின்ரை தங்கச்சிக்கு அப்ப ரெண்டு நாளிலை கலியாணம். கூறைச் சட்டையின்ரை முதுகிலை சோடி மயில் வேணுமாம். இடப்பக்க மயில் வடிவாய் முடிஞ்சுது. பிறகு இவர் இன்ரநெற்றுக்கெண்டு கொம்பியூட்டருக்குள்ளை ஒரு காட், சின்னப் பச்சைத் தகடு ஒண்டு, பூட்டினார். அதோடை மிசின் விக்கல் எடுத்த மாதிரி விக்கி விக்கி நிக்கத் தொடங்கினது. வலப்பக்க மயில் கழுத்தோடை நிண்டுட்டுது.

இவர் வேலைக்குப் போட்டார். பிள்ளையும் நானும் கொம்பியூட்டரும் ஓட்டோவிலை போனம்.

எனக்கு வெளி ஆக்களோடை கதைக்கக் கூச்சம். ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டுவன். கதை கெதியாய் முடிஞ்சிடும்.

கடைக்கார அண்ணை திறந்து பாத்திட்டு, "றைவர்தான் பிழை, தங்கச்சி" எண்டார்.

நான் வெளியிலை நிண்ட ஓட்டோக்காரரைத் திரும்பிப் பாத்தன்.

"அவரில்லை. காட்டோடை கதைக்கிறதுக்கு உள்ளுக்கு ஒரு புரோகிராம் இருக்கும். அதைத்தான் றைவர் எண்டுறது."

"ஓம்."

"காட்டுக்கு அலுவல் எண்டால் கொம்பியூட்டரை இடையிலை கூப்பிடும். அது இன்ரரப்ட். அதுக்கு ஒரு இலக்கம் குடுக்கிறது. இதுக்குள்ளை மிசினை ஓட்டுற காட்டுக்கும் இன்ரநெற் காட்டுக்கும் ஒரே இலக்கம் விழுந்திருக்கு. ஆர் கூப்பிட்டது எண்டு தெரியாமல் கொம்பியூட்டர் ரெண்டு றைவரிட்டையும் கேக்கும். இன்ரநெற் றைவர் எதுக்கும் 'ஓம், என்ரைதான்' எண்டுது. மிசின் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சு நிக்குது. விளங்கினதோ?"

"ஓம்."

"என்ன விளங்கினது?"

நான் பிள்ளையின்ரை மூக்கைத் துடைச்சன்.

அண்ணை சிரிச்சார். "நீங்களும் அந்த றைவரின்ரை சொந்தம் போலை."

"ஓம்."

"காட்டை மற்றத் துளையிலை பூட்டினால் வேறை இலக்கம் கிடைக்கும். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாய்ப் போட்டால் இன்னும் திறம். செய்யட்டோ?"

"ஓம்."

"உள்ளுக்குக் கிடக்கிறதுகள் வேறை இடத்திலையும் வைச்சிருக்கிறியள்தானே?"

"ஓம்."

வீட்டை வந்து மிசினைப் போட்டுப் பாத்தன். ஒருக்காக்கூட விக்கேல்லை. தைக்கத்தான் மயில் இல்லை. மயில், அன்னம், மாங்காய், ஒண்டும் இல்லை.

இவரிட்டைச் சொன்னன். "அழிக்கட்டோ எண்டு கேட்டவரோ?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனி?"

சொன்னன். மனுசன் எழும்பி வெளியிலை போட்டார்.

வலப்பக்கத்து அரைகுறைக் கழுத்தை ஊசியாலை பிரிச்சு எடுத்து, அந்த இடத்திலை கையாலை ஒரு மல்லிகைக் கொடி போட்டன். மச்சாள் சட்டையை விரிச்சுப் பாத்தாள்.

"அண்ணி, மற்ற மயில் எங்கை?"

நான் கொடியிலை நீட்டிக்கொண்டு நிண்ட நூலைக் கடிச்சு அறுத்தன்.

"ஒத்தை மயில்தானோ இப்ப ஸ்ரைல்?"

"ஓம்."

கலியாண வீட்டிலை அவள் எல்லாருக்கும் முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். முந்தநாள் ரெண்டு பொம்பிளையள் வீட்டை வந்திச்சினம். அதே மாதிரி ஒத்தை மயில் வேணுமாம், தைச்சுத் தருவியளோ எண்டு கேட்டினம்.

ஓம் எண்டிட்டன். இனித்தான் ஒரு மயில் தேடோணும்.