ஒரு பெல் அடித்த பெட்டி

அன்புள்ள ஹேமந்த் அண்ணாவுக்கு,

ஷில்பா எழுதுவது. இங்கே நான், அவர், பாப்பா, மாமனார் எல்லோரும் சௌக்கியம், போனில் எடுத்த படம், வீடியோவெல்லாம் சேமித்து வைக்க நீங்கள் வாங்கி அனுப்பிய பெட்டியைத் தவிர. அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? நன்றி சொல்லி எப்போதோ எழுதியிருக்க வேண்டும். போனில் பேசினால் மாமாவுக்குக் கேட்கும், இந்த லைன் வீட்டில் கொட்டாவி விட்டாலே பக்கத்து வீட்டு சரோஜம்மா "தூக்கமாம்மா?" என்கிறார். அதனால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

அவர் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய், பாப்பா ஸ்வாதி தூங்கியபின் திரும்புகிறார். அவள் முதல் தடவை நடந்ததை அவர் பார்க்கவே இல்லை. ரயிலில் இருந்தபடியே தன் போனில் பெட்டியைத் திறந்து பார்த்து அசரட்டும் என்று, நான் எடுத்த வீடியோவை அவரிடம் காட்டாமல் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னபடிதான் ஹார்ட் டிஸ்க் இரண்டையும் பெட்டியின் தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன். ஒன்று போகவில்லை. தலைகீழ். திருப்பினேன், அப்போதும் போகவில்லை. உள்ளே ஸ்வாதியின் ரஸ்க். அதை எடுத்தபின், 'இதில் உள்ளதெல்லாம் அழியும், சரியா?' என்று என் போனில் கேட்டது பெட்டி. புது டிஸ்க்கில் அழிய ஒன்றுமில்லை என்று தெரிந்தும், எம்.காம். படித்த நான் அதை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். எப்படியோ வீடியோவெல்லாம் ஏற்றி, போனில் இடமில்லையென்று போனிலிருந்து அழித்தும் விட்டேன். அங்கேதான் அண்ணா சனி பிடித்தது.

புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, போடட்டுமா என்றது பெட்டி. அதன் மூளைக்குள் இருக்கும் புரோகிராம்தானே, புதுசாகவே இருக்கட்டும் என்று அழுத்தினேன். 'முடியும்வரை கரண்டை நிறுத்தாதே' என்று சிவப்பில் எழுதியது. மிக்சி போடாமல், இஸ்திரி போடாமல், ஸ்வாதியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளக்குக்குக் காவல் நின்றேன். கரண்ட் ஆபீஸ்காரர்கள் பாவம், இன்றைக்கு ஒரு தப்பும் பண்ணவில்லை. பெட்டிதான் பாதியில் 'பீப்' என்று ஒரே ஒரு தடவை கத்தியது. மாமா தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் போகும் கேஜை, அந்தக் கூண்டை, ஏற்றி இறக்கும் இன்ஜின் ஓட்டியவர் இல்லையா, கட்டிலிலிருந்து ஒரே தாவு, மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார்!

"இன்னா மாமா பண்ணீங்க?"

"ஒரு பெல் அடிச்சா நிறுத்துன்னு அர்த்தம். நீ இன்னாம்மா பார்த்துகினு நிக்கிறே? கேஜ்ல ஆளு இருந்தா இன்னாவறது?"

"அதுல ஆளு யாரும் இல்ல மாமா!"

"பாப்பா உள்ள கீதுன்னு நீதான சொன்னே?"

மறுபடி கரண்ட் கொடுத்தால் ஆரஞ்சு விளக்கு மட்டும் மினுக்குகிறது. மாமாவோ வாசலில் சரோஜம்மாவிடம், "நான் இல்லன்னா பொட்டி எரிஞ்சே போயிருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது? ஸ்வாதியைத் திரும்ப முதல் தடவை நடக்கச் சொல்லவும் முடியாது, இப்போது ஓடுகிறாள். அண்ணா, ஞாயிற்றுக்கிழமை தற்செயலா வந்த மாதிரி வாங்க. ஸ்க்ரூ டிரைவரைப் பலகாரப் பைக்குள்ள வச்சு எடுத்துட்டு வாங்க. என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எந்தப் பெட்டியும் கத்தாமல் எல்லோரும் நிம்மதியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கை ஷில்பா

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் வேஸ்ட், அண்ணா. பக்கங்களைப் படம் பிடித்து முடிப்பதற்குள் ஆரஞ்சு பச்சையாகிவிட்டது. பெட்டி பழைய ஃபர்ம்வேரோடு தானே எழுந்து உட்கார்ந்துவிட்டது, வீடியோவெல்லாம் பத்திரம். எழுந்ததும் முதல் வேலையாக, உள்ளே இருந்த வீடியோவோடு என் போனில் புதிதாக எடுத்த படங்களையும் அள்ளி அவர் போனில் காட்டிவிட்டது. அப்படி அமைக்கச் சொன்னது நீங்கள்தான். ரயிலிலிருந்து போன். "ஷில்பா, பாப்பா நடக்குறாடி!" மூக்கை உறிஞ்சிக்கொள்கிறார். அப்புறம் சொல்கிறார்: "லெட்டரும் படிச்சேன். பக்கத்து சீட்டு இன்பராஜும் படிச்சாரு. எங்கப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழம உங்கண்ணன் தற்செயலா வர்றாரே, மட்டன் எவ்ளோ வாங்கட்டும்?"