தூக்குக்குண்டும் முழங்காலும்

நூல் நேராகத்தான் தொங்கியது. கால்தான் நேராக இல்லை.

ஜாவாத் தீவில், சோலோ நகரத்தில் பாதித் தெருக்களுக்குச் சுவர் எழுப்பிய மேஸ்திரி துகிரான். தன் இடுப்பிலிருந்து, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மனைவி சுமியெமைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நூல், அறுவைசிகிச்சை செய்த முழங்காலின் நடுவில் விழாமல் உட்பக்கமாக இரண்டு விரல் தள்ளி விழுந்தது.

"பாத்தியா? பாதி மூட்டு மாத்துறேன்னு சொல்லிட்டுக் கோணலா வெச்சுட்டாங்க!"

"வலிக்குதா, பாக்?" பெரியவர்களை அந்த ஊரில் 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வலியெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னவாம்?"

"கோணச் சுவரும் இடியற வரைக்கும் சும்மாதான்டி நிக்கும்."

ஆடுகிற அலமாரிக்கு அடை கொடுப்பதுபோல, பழைய டயர் ரப்பரைச் சீவி, ஷூவுக்குள் வெளிப்பக்க ஓரமாக ஒட்டி, மேலே அட்டையைப் போட்டு மூடினார். நூல் கொஞ்சம் நடுவுக்கு வந்தது. வலியும் வந்தது. அதுவும் கத்தியே படாத வெளிப்பக்கத்தில்.

"இன்னும் நிமிரல. அதான் வலி" என்று இரண்டாவது அடுக்கு வைத்தார். படி ஏற முடியவில்லை. மூன்றாவது அடுக்கு வைத்ததும் நடை வாத்து நடையாயிற்று.

"ஷூவுக்குள்ள முட்டை ஏதும் அடைகாக்குறீங்களா, பாக்?" என்றார் தெருமுனை ரிக்‌ஷாக்காரர்.

"சாந்து இறுக ஒரு ராத்திரி ஆகும். காலையில பாரு!" என்ற துகிரான், சுமியெமிடம் திரும்பினார். "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட முழு மூட்டையும் மாத்தச் சொல்லப் போறேன். இன்னொரு தடவை அறுக்கட்டும்."

போன தடவை அவர் மயக்கம் தெளியும்வரை சுமியெமின் உயிர் அவளிடம் இல்லை.

மறுநாள் டாக்டர் ஹப்சாரி எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார்.

"இது கோணல் இல்ல, பாக். வேணும்னே விட்ட வளைவு. மூட்டுல உள்பாதி, வெளிப்பாதின்னு ரெண்டு இருக்கு. தேஞ்சுபோன உள்பாதியைத்தான் மாத்தினேன். வெளிப்பாதி நல்லா இருக்கு, அது உங்களோடதே. காலை நூல் பிடிச்சு நிமித்தினா, பாரமெல்லாம் அதுமேல சாயும், அதுவும் தேஞ்சிடும். தேயறதுக்கு முன்னால எவ்வளவு வளைஞ்சிருந்துதோ, அந்த அளவோட நிறுத்தணும்."

துகிரான் சிரித்தார்.

"அதெல்லாம் சரி, டாக்டரம்மா. இன்னிக்கு மாடிப்படி ஏறித்தான் வந்தேன். துளி வலி இல்ல! எல்லாம் மூணாவது ரப்பரோட வேலை. நிமித்தினா சரியாகும்னு இப்போ நிரூபிச்சாச்சா? எப்போ அறுக்கறீங்க?"

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

கூட வந்திருந்த சுமியெம் மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

"ரப்பரா? கோழிக்கூட்டுக் கதவு ஆடுதேன்னு அடை குடுக்க, மூணையும் நேத்து ராத்திரியே உரிச்சு எடுத்துட்டேனே!"